கடன் துண்டு முதல் பேங்க் ஸ்டேட்மெண்ட் வரை

கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கம் ஒரு வீட்டில் பையனோ பெண்ணோ மேல்படிப்புக்கு வெளிநாடு போகப் போகிறார்கள் என்றால், எந்தக் காலேஜ் என்று கேட்பதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது.

"எவ்ளோ காட்டணுமாம்?"

கவனித்தீர்களா நண்பர்களே? "எவ்ளோ செலவாகும்?" என்று கேட்பதில்லை. "எவ்ளோ சேர்த்து வெச்சிருக்கீங்க?" என்றும் கேட்பதில்லை. "எவ்ளோ காட்டணும்?" என்றுதான் கேட்கிறார்கள்.

பணத்தைச் சம்பாதிக்கலாம், செலவழிக்கலாம், சேமிக்கலாம், வட்டிக்கு விடலாம். காமர்ஸ் பாடப் புத்தகம் சொல்வது இவ்வளவுதான். பணத்தைக் "காட்டுவது" என்ற ஐந்தாவது வேலை எப்போது வந்தது? அதுவும், ஏழைகள் சிறுகச் சிறுகச் சேர்க்கட்டும் என்று ஆரம்பிக்கப்பட்ட சேமிப்புக் கணக்கு, இன்னொரு நாட்டு வாசலைத் திறக்கும் சாவியாக எப்படி மாறியது? இதற்குப் பின்னால் 140 வருடத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அதில் தமிழர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

ஆறு பென்ஸில் ஆரம்பித்த கதை

சேமிப்புக் கணக்கு என்பது முதலில் பணக்காரர்களுக்கான விஷயமே இல்லை. 1810-ல் ஸ்காட்லாந்தில் ருத்வெல் என்ற சின்ன ஊரில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் ஒரு சேமிப்பு வங்கியை ஆரம்பித்தார். அப்போது சாதாரண வங்கியில் கணக்குத் தொடங்க 10 பவுண்டு வேண்டும். கூலித் தொழிலாளியால் அது முடியுமா? டங்கனின் வங்கியில் ஆறு பென்ஸ் இருந்தாலே போதும். நோய் வந்தாலும் வேலை போனாலும் அடுத்தவரிடம் கையேந்தக் கூடாது என்பதுதான் நோக்கம். 1861-ல் பிரிட்டனில் தபால் நிலையங்களிலேயே சேமிப்பு வங்கி வந்துவிட்டது.

இந்தியாவில் 1833-க்கும் 1835-க்கும் இடையில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் அரசு சேமிப்பு வங்கிகள் திறக்கப்பட்டன. 1870-ல் மாவட்ட அளவில் வந்தன. 1882 ஏப்ரல் 1 முதல் தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கி செயல்படத் தொடங்கியது. நம் தாத்தா பாட்டி வீட்டு அலமாரியில் துணிப்பைக்குள் சுற்றி வைத்திருந்த போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கின் பூர்வீகம் இதுதான்.

இப்போது இன்னொரு தேதியைப் பாருங்கள். அதே 1882, ஆகஸ்ட் 3. அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. கப்பலில் வந்து இறங்குபவர்களில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் "பொதுச் சுமை" ஆகிவிடக் கூடியவர் என்று அதிகாரிக்குத் தோன்றினால் இறங்க விடக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

ஒரே வருடத்தில் இரண்டு கவுண்டர்கள். நம் ஊர் கவுண்டர் ஏழையிடம் "காசு சேர்த்து வை" என்றது. அந்த ஊர் கவுண்டர் "காசு இல்லையென்றால் திரும்பிப் போ" என்றது. இரண்டுக்கும் அப்போது ஒரு தொடர்பும் கிடையாது. இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

கடனைக் காட்டிப் போன காலம்

அதே காலத்தில் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கடல் தாண்டிக் கொண்டுதான் இருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலாயா ரப்பர் தோட்டம், நேட்டால் கரும்புத் தோட்டம். இவர்களிடம் யாராவது "கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்களா? இல்லை. கையில் ஒன்றும் இல்லாதவர்களாகப் பார்த்துத்தான் கூட்டிப் போனார்கள்!

இலங்கைக்குப் போனவர்களைத் திரட்டியது கங்காணி. ஊரிலேயே முன்பணம் கொடுப்பார். பயணச் செலவு, வழியில் சாப்பாடு, துணிமணி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவர் கடன்காரர்.

இங்கேதான் "துண்டு" என்ற ஒரு காகிதம் வருகிறது. தொழிலாளர்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். "இவர்களுக்கு இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன்" என்பது அதன் சாரம். புதுத் தோட்டத்துக்காரர் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கைதான் மாறும். பெரும்பாலும் மாறும்போது கூடவும் செய்யும். தமிழ்ச் சொல்லான "துண்டு" அப்படியே ஆங்கில அரசு ஆவணங்களிலும் ஏறியது. இந்த முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

ஆக, அன்று கடல் தாண்டிய தமிழரின் கையில் இருந்த "நிதி ஆவணம்" சேமிப்பைக் காட்டவில்லை, கடனைக் காட்டியது. உடம்பு தேவைப்பட்டது, பணம் தேவைப்படவில்லை.

ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக இருக்க நினைத்தால்தான் பணக் கேள்வி வந்தது. நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பிய இந்தியர்கள் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைநிறுத்தம் செய்து சிறை போனதும், காந்தியோடு அவர்கள் நடந்ததும், 1914-ல் அந்த வரி ரத்தானதும் நமக்குத் தெரிந்த வரலாறு. அதே நேட்டால் 1897-ல் போட்ட குடியேற்றத் தடைச் சட்டத்தில் ஐரோப்பிய மொழி எழுதத் தெரியாதவர்களும் பராரிகளும் தடுக்கப்பட்டார்கள். கூலியாக வந்தால் வரலாம். ஆளாக வந்தால் தகுதி காட்ட வேண்டும்!

1914: ஒரு பாலம், ஒரு கப்பல்

1914-ல் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

முதல் சம்பவம், 1914 பிப்ரவரி 24. பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் ஏறலாம். தோட்டத் தொழிலாளர்கள் போவது முன்பைவிட மிகச் சுலபமாகிவிட்டது. மண்டபம் முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பணம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது சம்பவம் அதே வருடம் மே 23. கோமகாட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் 376 இந்தியர்களோடு கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து நின்றது. குர்தித் சிங் என்பவர் வாடகைக்கு எடுத்த கப்பல். பயணிகளில் பெரும்பாலோர் பஞ்சாப் சீக்கியர்கள். இவர்களைத் தடுக்கக் கனடாவிடம் இரண்டு முக்கிய ஆயுதங்கள் இருந்தன. ஒன்று, சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் ஒரே பயணமாக வந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஆசியாவிலிருந்து வருபவர் ஒவ்வொருவரும் 200 டாலர் வைத்திருக்க வேண்டும். 1908 வரை 25 டாலராக இருந்த தொகை, ஆசியர்களுக்கு மட்டும் எட்டு மடங்கு ஏற்றப்பட்டிருந்தது. அதுவும் அந்தப் பணம் அவர் கைவசத்தில், அவருடைய சொந்த உரிமையில் இருக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதியிருந்தார்கள். ஊரில் நிலம் இருக்கிறது, அண்ணன் அனுப்புவார் என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை.

கப்பலில் இருந்த முன்ஷி சிங் என்ற விவசாயியின் வழக்கைத்தான் சோதனை வழக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். தோற்றார்கள். ஏற்கெனவே கனடாவில் வசித்துத் திரும்பிய இருபது சொச்சம் பேரைத் தவிர மற்றவர்கள் இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்து, ஜூலை 23 அன்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். செப்டம்பர் 29 அன்று கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இதற்காக மன்னிப்புக் கேட்டது 2016 மே 18 அன்று. 102 வருடம் கழித்து.

இன்று விசா ஃபைலில் வைக்கும் "நிதி ஆதாரம்" என்ற காகிதத்துக்கு முன்னோடி இந்த 200 டாலர்தான். அன்று அதைச் சட்டைப் பையில் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

துறைமுகத்திலிருந்து தூதரகத்துக்கு

சட்டைப் பையில் இருந்த பணம் பேங்க் காகிதமாக எப்படி மாறியது? வாசல் இடம் மாறியதால்தான்.

முதல் உலகப் போருக்கு முன் பாஸ்போர்ட் இல்லாமலேயே உலகத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவிடலாம். போர்க் காலத்தில் பாஸ்போர்ட் கட்டாயமாகி, போர் முடிந்தும் போகவில்லை. இந்தியாவில் 1920-ல் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அமெரிக்கா 1924 சட்டத்தின்படி, கப்பல் ஏறும் முன்பே பயணியின் சொந்த நாட்டிலுள்ள தூதரகத்தில் விசா வாங்கி வரச் சொன்னது. அதாவது, வாசற்கதவு நியூயார்க் துறைமுகத்திலிருந்து நகர்ந்து பயணியின் ஊருக்கே வந்துவிட்டது. 1930 செப்டம்பரில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், அதிபர் ஹூவர் அரசு அந்தப் பழைய 1882-ன் "பொதுச் சுமை" விதியை மிகக் கறாராகப் பார்க்கும்படி தூதரகங்களுக்குச் சொன்னது. அடுத்த சில வருடங்களில் ஹிட்லரிடமிருந்து தப்பிக்க முயன்ற யூதர்களில் பலர் விசா கிடைக்காமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

துறைமுக அதிகாரி முன்னால் நோட்டுக்களை எண்ணிக் காட்டலாம். தூதரகத்தில் பயணத்துக்குப் பல மாதம் முன்பே காட்ட வேண்டும். அதற்கு வேறொரு சாட்சி தேவை. அந்தச் சாட்சிதான் பேங்க்.

நம் ஊரில் அந்தச் சாட்சியையே நம்பாத காலமும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 1906 அக்டோபரில் சென்னையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான அர்பத்நாட் கம்பெனி திவாலானது. பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்தக் கோபத்திலும் பாடத்திலும் பிறந்ததுதான் 1907 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய இந்தியன் வங்கி, முன்னின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் கொல்லம் பேங்க் மூழ்கியது. நம் பாட்டிகள் பணத்தைத் தங்கமாக வாங்கிக் கழுத்தில் போட்டதற்கும், தெருவில் சீட்டு பிடித்ததற்கும் அறியாமை காரணமில்லை, அனுபவம்தான் காரணம். டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்ததே 1962-ல்தான், அதுவும் 1,500 ரூபாய் வரைக்கும். 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் தேசியமயமான பிறகுதான் சாதாரணக் குடும்பங்கள் பெருமளவில் பேங்க் படி ஏறின.

எட்டு டாலர் காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு இன்னொரு வேடிக்கை நடந்தது. வெளிநாடு "பணம் காட்டு" என்றது. இந்தியாவோ "பணம் எடுத்துப் போகாதே" என்றது!

அந்நியச் செலாவணிக்குக் கடும் பஞ்சம். 1960-களில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர்கள் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லும். அங்கே கிடைத்த உதவித்தொகைக் கடிதமோ, சொந்தக்காரர் தரும் உத்தரவாதப் பத்திரமோதான் அவர்களுக்கு நிதி ஆதாரம். பாஸ்போர்ட் வாங்கவே, நாளை இவரைத் திருப்பி அழைத்து வரும் செலவு அரசு தலையில் விழாது என்று வசதியுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. ஏழை வெளிநாடு போய்க் கஷ்டப்பட்டால் நாட்டுக்கு அவமானம் என்று நம் அரசே நினைத்த காலம் அது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் புதிய பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

பணக் கதவு திறந்தது அதற்கும் வெகு நாள் கழித்து. 2000 ஜூன் முதல் ஃபெமா சட்டம் அமலுக்கு வந்தது. 2004-ல் ஒருவர் வருடத்துக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்று ரிசர்வ் பேங்க் அனுமதித்தது. இது 2015-ல் இரண்டரை லட்சம் டாலர் ஆனது. 2001-ல் வங்கிகளுக்கான மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் வரை ஜாமீன் வேண்டாம். பெரிய தொகைக்குச் சொத்து அடமானம். நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கிளம்ப இதுதான் வழி திறந்தது.

இருபத்தெட்டு நாள்

கிளம்புகிறவர்கள் அதிகமானதும் சோதனையும் கடுமையானது. பிரிட்டன் 2009-ல் மாணவர்களுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. படிப்புக் கட்டணம், தங்கும் செலவு இரண்டுக்கும் உள்ள பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் போச்சு. 2025 நவம்பர் முதல் லண்டனில் படிப்பவர் மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்டு காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே 10,539 பவுண்டு. கட்டணம் தனி.

மற்ற நாடுகளும் சளைத்தவை இல்லை. கனடா பல வருடம் 10,000 டாலர் கேட்டுக்கொண்டிருந்தது. 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கி, 2025 செப்டம்பரில் 22,895 ஆக்கியது. ஆஸ்திரேலியா 2024 மே முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேல். 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோவைப் பூட்டிய கணக்கு ஒன்றில் போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும்.

28 நாள் என்ற விதியைக் கேட்டதும் பழைய பேங்க் ஊழியர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். 2010 மார்ச் வரை நம் சேமிப்புக் கணக்குக்கு வட்டி எப்படிப் போட்டார்கள் தெரியுமா? மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 27 நாள் லட்ச ரூபாய் இருந்து, 28-ஆம் தேதி ஆயிரமாகக் குறைந்தால் ஆயிரத்துக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் பேங்க் மாற்றியது. நம் பேங்க் கைவிட்ட "குறைந்தபட்ச இருப்பு" முறையை விசா அதிகாரி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்!

கோவிலம்பாக்கத்துச் சொத்துக் கணக்கு

இப்போது ஊருக்குத் திரும்புவோம். பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் ரோட்டில் கீழ்க்கட்டளை ஏரியும் நாராயணபுரம் ஏரியும் இன்றும் கண்ணில் படுகின்றன. சுற்றிலும் கிராமமாக இருந்த இடங்கள்தான். ரோடு வந்தது, பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் வந்தன, மனை விலை எங்கேயோ போனது. இருபது முப்பது வருடம் முன்பு சில ஆயிரங்களிலோ லட்சங்களிலோ மனை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டிய குடும்பங்களிடம் இன்று காகிதத்தில் பெரிய சொத்து இருக்கிறது.

அந்த மாதிரி ஒரு வீட்டின் பேலன்ஸ் ஷீட்டைப் போட்டுப் பார்ப்போம். வீடும் மனையும், அம்மாவின் நகை, ஒரு ஏலச் சீட்டு, அப்பாவின் பி.எஃப்., கூட்டுறவு வங்கியில் கொஞ்சம் டெபாசிட், கடைசியாகச் சேமிப்புக் கணக்கில் சில ஆயிரம். இது ஓட்டாண்டிக் குடும்பமா? இல்லவே இல்லை. ஆனால் மேலே சொன்ன 28 நாள் விதிக்கு முன்னால் இதில் பெரும்பாலானவை பூஜ்யம். மனை கணக்கில் வராது. நகை வராது. சீட்டு வராது. முன்ஷி சிங்குக்கு வந்த அதே சிக்கல்தான். பணம் "கைவசத்தில்" இல்லை.

கூட்டுறவு வங்கி டெபாசிட்? அதற்கும் ஒரு கதை உண்டு. 1904-ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்ததும் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில். 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும் வரை கோவிலம்பாக்கம் அந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அப்படிப்பட்ட பெருமை உள்ள கூட்டுறவு வங்கிகளில் பலவற்றை, ஆவணங்களைச் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லி, பிரிட்டன் ஒரு காலத்தில் "ஏற்க மாட்டோம்" பட்டியலில் போட்டிருந்தது. நூறு வருடப் பாஸ்புக்கைவிடக் கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்டுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் என்ன செய்வது? நகை அடகுக்குப் போகிறது. வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகிறது. சீட்டைத் தள்ளி எடுக்கிறார்கள். மாமா, சித்தப்பாவிடம் கைமாற்று. எல்லாம் சேர்ந்து ஒரு நாள் சேமிப்புக் கணக்கில் வந்து உட்காருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 லட்ச ரூபாயை 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 28 நாள் கணக்கில் வைத்தால், கடன் வட்டி சுமார் 13,808 ரூபாய். 2025 நடுவில் பெரிய பேங்குகள் பலவும் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தன. அதன்படி கணக்கில் கிடைப்பது சுமார் 2,877 ரூபாய். வித்தியாசம் 10,931 ரூபாய். பணத்தை ஒரு பைசா செலவழிக்காமல், வெறுமனே காட்டுவதற்கு ஆகும் செலவு இது. விசா முடிவு வரத் தாமதமானால் இது ஏறிக்கொண்டே போகும்.

இப்போது அந்த ஸ்டேட்மெண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே "சேமிப்புக் கணக்கு" என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது முழுக்கக் கடன். 1921-ல் ஒழிந்த துண்டு, வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைய துண்டு தன்னைக் கடன் சீட்டு என்று ஒப்புக்கொண்டது.

வாடகைப் பணம்

கடன் கூடக் கிடைக்காதவர்களுக்கு என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு கணக்கில் பணம் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. சில இடங்களில் போலி ஸ்டேட்மெண்டே அடித்துத் தருகிறார்கள். "எல்லாரும் பண்றதுதான்" என்பார்கள்.

இதன் விலை தெரிந்துகொண்டு பேச வேண்டும். பொய் ஆவணம் என்று தெரிந்தால் பிரிட்டன் பத்து வருடம் வரை தடை விதிக்கலாம். கனடாவில் ஐந்து வருடம். ஆஸ்திரேலியாவில் மூன்று வருடம். அமெரிக்காவில் ஆயுள் முழுக்கத் தடை ஆகலாம். அந்தத் தடை ஏஜெண்டுக்கு வராது. பாஸ்போர்ட்டில் பெயர் இருப்பது பையனுக்குத்தான். பேங்குக்கே போன் போட்டும் ஈமெயில் அனுப்பியும் சரிபார்க்கும் காலம் இது. திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகைக்குக் காரணம் கேட்பது சாதாரணம்.

நேர் வழிகளும் இருக்கின்றன. கல்விக் கடனை முறையாக வாங்கினால் அனுமதிக் கடிதத்தையே நிதி ஆதாரமாகப் பல நாடுகள் ஏற்கின்றன; பணத்தை வாங்கிக் கணக்கில் போட்டு வட்டி கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பெற்றோர் கணக்கைக் காட்டலாம்; உறவுக்குச் சான்றும் சம்மதக் கடிதமும் வைத்தால் போதும். நிலம் விற்றிருந்தால் விற்ற பத்திரத்தையும், நகை அடகு வைத்திருந்தால் அந்த ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நீட்டலாம். எல்லாவற்றையும்விட, கடைசி மாதத்தில் ஓடாமல், ஒரு வருடம் முன்பே கணக்கை ஒழுங்காக நடத்த ஆரம்பிப்பது நல்லது.

யாருக்கான கேள்வி?

ஒரு நாட்டுக்கு வருகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று அந்த நாடு நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. பணமில்லாமல் போய், இரண்டு மூன்று பகுதி நேர வேலை பார்த்து, வகுப்பில் தூங்கி, படிப்பையே விட்டவர்களும் இருக்கிறார்கள். காட்டச் சொல்லும் தொகையில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா? இந்தப் பணம் இருக்கிறதா என்று மட்டும்தான் விதி கேட்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமா என்பது ஸ்டேட்மெண்டில் தெரிவதே இல்லை. சொந்தச் சேமிப்பைக் காட்டியவரும், வீட்டை அடமானம் வைத்துக் காட்டியவரும் விசா அதிகாரியின் மேஜையில் ஒன்றுதான். விமானம் இறங்கிய பிறகு அவர்கள் ஒன்றல்ல. ஒருவருக்குப் படிப்பு பிடிக்கவில்லையென்றால் திரும்பி வரலாம். மற்றவருக்கு முடியாது. எவ்வளவு மோசமான வேலையாக இருந்தாலும், எவ்வளவு குறைந்த கூலியாக இருந்தாலும் அங்கேயே கிடந்து மாதத் தவணை அனுப்பியாக வேண்டும். பழைய தோட்டத்தில் துண்டு செய்த வேலை அதுதானே? ஆளை நகர விடாமல் பிடித்து வைப்பது.

அதனால் நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அடுத்த தடவை "எவ்ளோ காட்டணும்?" என்று பேச்சு வந்தால், கூடவே இன்னொரு கேள்வியையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வையுங்கள். "காட்டியதில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டியது?" இந்தக் கேள்வியை எந்தத் தூதரகமும் கேட்காது. அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, விசா ஃபார்ம் நிரப்புவதற்கு முன்னால் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.